கீற்று மேகத்துக்குள் பனி பிறக்கும் கணக்கு

பிப்ரவரி 4

மீனம்பாக்கம் வானிலைப் பலூனின் காலை 5.30 மணி அட்டவணையைக் கீற்று மேகத்துக்காக (உயரத்தில் பனிப்படிகங்களால் ஆன மெல்லிய மேகம், சிர்ரஸ்) படிக்கும்போது, முதல் வேலை ஈரப்பதப் பத்தியை மாற்றி எழுதுவது. அங்கே தரப்படும் சதவீதம் திரவ நீரை அளவுகோலாகக் கொண்டது. பனிக்கட்டியின் மேல் தெவிட்டு ஆவியழுத்தம், அதாவது காற்று தெவிட்டத் தேவையான நீராவியின் அழுத்தம், அதைவிடக் குறைவு. குளிர் ஏற ஏற இந்த வித்தியாசமும் ஏறும். −40 டிகிரியில் அட்டவணை எண்ணை 1.47-ஆல் பெருக்க வேண்டும், −50-இல் 1.62, −60-இல் சுமார் 1.77. ஆக, −50 டிகிரி வரிசையில் 62 என்று இருந்தால் பனியைப் பொறுத்தவரை அந்தக் காற்று அப்போதே தெவிட்டிவிட்டது. 62-ஐப் பார்த்து ‘மேலே வறட்சி’ என்று குறித்துக்கொள்வதுதான் அடிக்கடி நேரும் பிழை.

அட்டவணை வரிசைகள் காற்றழுத்தப்படி அமைந்தவை. சென்னைக்கு மேலே 250 ஹெக்டோபாஸ்கல் வரிசை ஏறத்தாழ 11 கி.மீ. உயரம், −42 டிகிரி. 200 வரிசை 12.4 கி.மீ., −53. அங்கிருந்து 100 வரை, அதாவது 16.5 கி.மீ. சுமாருக்கு, பார்த்தால் போதும்.

பிப்ரவரி 5

அட்டவணையின் ஈரப்பத எண்ணையும் முழுதாக நம்ப முடியாது. ஈரப்பதத்தை உணரும் மெல்லிய பாலிமர் படலம் கடுங்குளிரில் மந்தமாகிவிடும். பலூன் நொடிக்கு 5 மீட்டர் ஏறுகிறது. உணரி நிலைப்பட ஒரு நிமிடம் பிடித்தால் 300 மீட்டர் அதற்குள் கடந்துபோகிறது. அதைவிட மெல்லிய ஈர அடுக்கு அட்டவணையில் கரைந்துபோகும். பகல் ஏற்றத்தில் வெயில் உணரியைச் சூடாக்குவதால் எண் குறைந்து வரும். கீழே அதிகுளிர்ந்த நீர்மேகத்தைத் துளைத்து வந்திருந்தால் உணரியில் பனி படிந்து எண் கூடி வரும். காலைப் பதிவை விரும்புவதற்குக் காரணம், இவற்றில் வெயில் தொல்லையாவது இல்லை என்பதே.

பிப்ரவரி 8

சில மைக்ரான் அகலமுள்ள தூய நீர்த்துளி, பற்றிக்கொள்ள எந்தத் துகளும் இல்லாவிட்டால், −38 டிகிரி சுமார் வரை திரவமாகவே நிற்கும். மூலக்கூறுகள் தற்செயலாகப் பனியின் ஒழுங்கில் சேர்ந்து, அந்தக் கொத்து கலைந்துபோகாமல் வளரக்கூடிய அளவை எட்டினால்தான் துளி உறையும். துளி சிறியதானால் அந்த வாய்ப்பும் குறைவு.

11 கி.மீ.க்கு மேல் மிதப்பவை தூய துளிகளும் அல்ல. பெரும்பாலும் ஒரு மைக்ரானைவிடச் சிறிய கந்தக அமிலக் கரைசல் துளிகள். கரைந்திருக்கும் பொருள் உறைதலைத் தள்ளிப்போடுகிறது. காற்று மேலேறிக் குளிரும்போது ஒப்பு ஈரப்பதம் கூடும். துளி ஆவியை உறிஞ்சி நீர்த்துக்கொண்டே போய், ஓர் எல்லையில் உறையும். அந்த எல்லை கரைந்திருப்பது அமிலமா உப்பா என்பதைப் பொறுத்ததல்ல, கரைசலில் நீரின் செயல்திறனை (கரைசலின் மேல் உள்ள நீராவி அழுத்தத்துக்கும் தூய நீரின் மேல் உள்ளதற்கும் உள்ள விகிதம்) பொறுத்தது என்று 2000-இல் தாமஸ் கூப்பும் அவருடைய குழுவினரும் காட்டினார்கள். ஒவ்வொரு துளியின் வேதியியலையும் தேடி அலையும் வேலை அதோடு ஒழிந்தது. இந்தத் துறைக்குக் கிடைத்த ஆகப்பெரிய உதவி அது.

அந்த எல்லையைக் காணக் கைக்கணக்கு: வெப்பநிலையைக் கெல்வினில் எடுத்து 207.83-ஆல் வகுக்கவும், வந்ததை 2.583-இலிருந்து கழிக்கவும். 235 கெல்வினில் 1.45 வரும், 220-இல் 1.52, 195-இல் 1.64. பனியின் மேல் (பனியை அளவுகோலாக வைத்தால்) 145 முதல் 164 சதவீத ஈரப்பதம் வரை துளிகள் காத்திருக்கின்றன என்று பொருள். 130 சதவீதத்தில் தெளிந்த நீலவானம் இருப்பதில் முரண் ஒன்றுமில்லை.

பிப்ரவரி 11

மேகத்தில் எத்தனை படிகம் என்பதைத் தீர்மானிப்பது துளிகளின் எண்ணிக்கை அல்ல. காற்று ஏறும் வேகம். இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும்.

−50 டிகிரியில், பனியின் மேல் சரியாக 100 சதவீதம் உள்ள காற்றை எடுத்துக்கொள்வோம். உறைவு எல்லை 151. ஏறும் காற்று கிலோமீட்டருக்கு 9.8 டிகிரி குளிரும். ஒவ்வொரு டிகிரிக்கும் ஈரப்பதம் 11 சதவீத விகிதத்தில் பெருகும். அழுத்தம் குறைவதன் கழிவு இதில் அடக்கம். எல்லையைத் தொட 3.8 டிகிரி குளிர வேண்டும், அதற்கு 390 மீட்டர் ஏற வேண்டும். நொடிக்கு 10 செ.மீ. வேகத்தில் 65 நிமிடம். நொடிக்கு ஒரு மீட்டரில் ஆறரை நிமிடம்.

எல்லையைத் தொட்டதும் ஓட்டப்பந்தயம்தான். முதலில் உறைந்த படிகங்கள் சுற்றியுள்ள ஆவியை இழுத்து வளர்கின்றன; குளிர்ச்சியோ ஈரப்பதத்தை மேலே தள்ளிக்கொண்டே இருக்கிறது. இழுப்பு வென்ற கணத்தில் புதுப்படிகம் பிறப்பது நின்றுவிடும், மீதித் துளிகள் உறையாமலே தங்கிவிடும். காற்று வேகமாக ஏறினால் இழுப்பு வெல்ல நேரமாகும், அதற்குள் ஏராளமானவை உறைந்துவிடும். படிக எண்ணிக்கை வேகத்தின் ஒன்றரை அடுக்காகக் கூடும்: வேகம் 10 மடங்கானால் படிகம் 30 மடங்கு.

இதில் பாலைத் தூசு வந்து சேர்ந்தால் கணக்கு தலைகீழாகும். கனிமத் தூசு 110 முதல் 130 சதவீதத்துக்குள்ளேயே பனியைத் தொடங்கிவைக்கும். காற்று மெல்ல ஏறும்போது லிட்டருக்குச் சில பத்துத் தூசுத் துகள் இருந்தாலே, அவற்றின் மேல் வளரும் படிகங்கள் ஆவியைக் குடித்துத் தீர்த்துவிடும். ஈரப்பதம் 151-ஐ எட்டாது, கரைசல் துளிகளுக்கு வாய்ப்பே வராது. பனியைத் தொடங்கிவைக்கும் துகள்கள் கூடியும் படிகம் குறைகிறது. பிறப்பவை சிலவே, ஆனால் பெரியவை. சீக்கிரம் விழுந்து மேகத்தைக் காலிசெய்யும்.

பிப்ரவரி 12

நேற்றைய கணக்கை நம்பித்தான் 2009-இல் டேவிட் மிட்செலும் வில்லியம் ஃபின்னகனும் கீற்று மேகங்களை மெலியவைக்கும் யோசனையை முன்வைத்தார்கள். பூமியிலிருந்து கிளம்பும் வெப்பத்தை இந்த மேகங்கள் தடுத்துவைப்பதால், பிஸ்மத் அயோடைடு தூவி அவற்றைக் குறைக்கலாம் என்பது எண்ணம். பலவீனம் அளவில் இருக்கிறது. தூள் கூடினால் தூவியவையே படிகமாகப் பெருகி மேகம் தடிக்கும். ஏற்கெனவே தூசு ஆளும் இடத்தில் தூவினாலும் அதே கதி. இருக்கிற தூசின் அளவையும் காற்றின் ஏறுவேகத்தையும் அந்தந்த இடத்தில் அறியாமல் இதில் இறங்குவது சரியல்ல.

பிப்ரவரி 16

கீற்று மேகத்தின் வழியே சூரியனைச் சுற்றித் தெரியும் ஒளிவட்டத்தின் ஆரம் 22 டிகிரி. அறுகோணப் படிகத்தின் ஒன்றுவிட்ட பக்கங்கள் 60 டிகிரி முப்பட்டகமாக வேலை செய்கின்றன. பனியின் ஒளிவிலகல் எண் 1.31, சிறும விலகல் (ஒளி திரும்பும் மிகக் குறைந்த கோணம்) 21.8 டிகிரி வருகிறது. அளக்க, கையை நீட்டிச் சாண் விரித்தால் ஏறத்தாழ அதே கோணம். சூரியனைக் கம்பத்தாலோ கூரை விளிம்பாலோ மறைத்துவிட்டே பார்க்க வேண்டும்.

வட்டம் இல்லாவிட்டால் மேகத்தில் பனி இல்லை என்றாகாது. −40-க்குக் கீழே பல படிகங்கள் ஒரே மையத்திலிருந்து பல தூண்கள் கிளம்பிய கொத்துகளாக வளர்கின்றன; முகங்கள் சொரசொரப்பாகவோ படிகம் மிகச் சிறிதாகவோ இருந்தால் ஒளி சிதறிப்போய் வட்டம் உருவாகாது.

பிப்ரவரி 19

விமானம் விடும் வெள்ளைக் கோடு நல்ல ஈரமானி. ஒரு கிலோ எரிபொருள் எரிந்தால் 1.25 கிலோ நீராவி. கோடு உடனே மறைந்தால் பனியின் மேல் ஈரப்பதம் 100-க்குக் கீழே. பல நிமிடம் நின்று அகன்றால் 100-க்கு மேலே. ஆனால் சென்னை வானில் ஓர் எச்சரிக்கை வேண்டும்: 11 கி.மீ.யில் −42 டிகிரிதான், கோடு உருவாகும் வெப்பநிலையின் விளிம்பு அது. அங்கே கோடே விழவில்லை என்றால் காற்று வறண்டது என்று எழுதிவிடக் கூடாது. குளிர் போதாமலும் இருக்கலாம். 12 கி.மீ.க்கு மேல் பறப்பவற்றை மட்டும் கணக்கில் கொள்வது நல்லது.

பிப்ரவரி 23

கண்ணுக்குத் தெரியாத கீற்று மேகமும் உண்டு. ஒளியை மேகம் எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவான ஒளியியல் தடிமன் 0.03-க்குக் கீழே போனால் வெறுங்கண் பிடிக்காது. வெப்பமண்டலத்தில் இவை 15 கி.மீ.யையும் தாண்டி நிற்கும். திருப்பதிக்கு அருகே காதங்கியில் உள்ள லைடார் (லேசர் ஒளியை அனுப்பித் திரும்புவதை அளக்கும் கருவி) 532 நானோமீட்டர் பச்சை ஒளியால் இவற்றைப் பார்க்கிறது. உருண்டைத் துளி திருப்பி அனுப்பும் ஒளியில் முனைவாக்கம், அதாவது ஒளி அலை அதிரும் திசை, மாறாது. படிகம் அதைக் கலைக்கும். அந்தக் கலைவின் விகிதமே பனிக்கு அடையாளம்.

ஒரே ஒரு சிக்கல்: தட்டுப் படிகங்கள் கிடைமட்டமாக மிதக்கும்போது, செங்குத்தாகப் பாயும் கற்றை கண்ணாடியில் பட்டதுபோல் முனைவாக்கம் மாறாமல் திரும்பும். பனி, நீர்த்துளியாகத் தோன்றும். கலிப்சோ செயற்கைக்கோளின் கற்றையை 2007 நவம்பரில் 0.3 டிகிரியிலிருந்து 3 டிகிரிக்குச் சாய்த்ததும் இதற்காகவே. தரையில் வைக்கும் கருவிக்கும் அதே மருந்து: சில டிகிரி சாய்த்து ஒரு தடவை, நேராக ஒரு தடவை. நேரில் எதிரொளி பலமாகவும் சாய்வில் பலவீனமாகவும் வந்தால், அந்த அடுக்கில் தட்டுகள் கிடைமட்டமாகக் கிடக்கின்றன.