பண்ணவாடி நந்தி

மேட்டூர் அணை 120 அடி நிறைந்தால் டிவியில் கொண்டாட்டம். எனக்கென்னவோ தண்ணீர் வற்றும்போதுதான் அணையின் நீர்த்தேக்கப் பகுதியிலிருக்கும் பண்ணவாடிக்குப் போகத் தோன்றும். மூழ்கிக் கிடக்கும் பழைய ஊரின் தேவாலயக் கோபுரம் முதலில் தலைகாட்டும். தண்ணீர் இன்னும் இறங்கினால் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி.

போன தடவை கிட்டப்போய்த் தொட்டுப் பார்த்தேன். காதுமடலுக்குள் காய்ந்த சேறு, கழுத்து மணியில் அறுந்த மீன்வலை நூல். சுற்றிலும் வெடித்த வண்டல். அதிலும் யாரோ சோளம் போட்டிருந்தார்கள்.

1934-ல் அணை திறப்பதற்குள் ஊரையே காலி செய்தார்கள். "எங்க வீடு அந்தக் கோயிலுக்குப் பின்னாடிதான்"னு அப்புச்சியோட அம்மா சொல்வாராம். அந்தப் பக்கம் நடந்தேன், முழங்கால்வரை புதைந்தது. பரிசல்காரர் கைகொடுத்துத் தூக்கினார். ஒரு செருப்பு அங்கேயே போச்சு.