செந்தோசாவில் சதுரங்கம், என் மேசையில் மிருதங்கம்

25 நவம்பர் 2024, திங்கள்

உலக சதுரங்கப் பட்டத்துக்கான போட்டி இன்று இங்கே சிங்கப்பூரில், செந்தோசா தீவில் தொடங்கியது. குகேஷுக்கு வயது 18. எனக்கும் அதே வயதுதான். சென்னையிலிருந்து வந்து அவர் சீனாவின் டிங் லிரெனோடு மோதுகிறார்; நான் ஈசூன் போகும் ரயிலில் தொங்கிக்கொண்டு கைப்பேசியில் பார்க்கிறேன். ஆட்டம் மாலை 5 மணிக்கு என்பதால் வகுப்பு விட்டு வீடு திரும்பும் நேரத்துக்குச் சரியாக இருக்கிறது.

முதல் ஆட்டத்திலேயே தோல்வி. ராஜாவுக்கு முன்னால் இருந்த சிப்பாயை குகேஷ் தள்ள, டிங் பிரெஞ்சு டிஃபென்ஸ் என்ற தொடக்க முறையில் இறங்கி, கறுப்புக் காய்களோடு ஜெயித்துவிட்டார். மாமா வாட்ஸ்அப்பில் ஏதோ துக்க வீட்டுக்குப் போய் வந்தவர் மாதிரி எழுதுகிறார். இன்னும் 13 ஆட்டம் இருக்கு மாமா!

என் எரிச்சல் தோல்வி பற்றியது இல்லை. ஒளிபரப்பில் பலகைக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் பட்டை ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. கணினி ஒவ்வொரு நகர்வையும் எடைபோட்டு, யார் கை ஓங்கியிருக்கிறது என்று உடனே சொல்லிவிடுகிறது. விளையாடுகிற இருவரும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, ஒன்றுமே புரியாத எனக்கு மட்டும் விடை தெரிகிறது. கேள்வித்தாளோடு விடைத்தாளையும் பின் அடித்துக் கொடுத்தால் அது என்ன பரீட்சை? நாளையிலிருந்து ஒளிபரப்பு வேண்டாம். நகர்வுகளைக் காட்டும் செயலியில் பட்டையை அணைத்துவிட்டுப் பார்க்கப் போகிறேன்.

30 நவம்பர், சனி

இந்த வாரம் நாசாவிலிருந்து ஒரு செய்தி. வாயேஜர் 1 பழையபடி பேச ஆரம்பித்துவிட்டதாம். அக்டோபரில் அதன் ஹீட்டர் ஒன்றைப் போடச் சொல்லிக் கட்டளை அனுப்பியிருக்கிறார்கள். மின்சாரம் போதாது என்று முடிவுகட்டிய விண்கலம், வழக்கமான அலைபரப்பியைத் தானே அணைத்துவிட்டு, சக்தி குறைந்த இன்னொன்றுக்கு மாறிக்கொண்டது. அந்த இன்னொன்றை 1981க்குப் பிறகு யாரும் தொட்டதே இல்லை. கட்டளை போய்ச்சேர ஏறக்குறைய 23 மணி நேரம், பதில் வர இன்னொரு 23. அந்த மெல்லிய சத்தத்தை எப்படியோ தேடிப் பிடித்து, கலத்தைப் பழைய வழிக்குத் திருப்பிவிட்டார்கள்.

இதைச் சாக்காக வைத்து அப்பாவை உட்காரவைத்து 'தி ஃபார்தஸ்ட்' படத்தை மறுபடி போட்டேன். 2017இல் எமர் ரெனால்ட்ஸ் எடுத்த வாயேஜர் ஆவணப்படம். எனக்குப் பிடித்தவற்றில் இதற்குத்தான் முதலிடம். கிரகங்களின் படங்களைவிட, வயதான பொறியாளர்கள் தாங்கள் செய்த வேலையைக் கண்ணில் பளபளப்போடு விவரிக்கும் இடங்களுக்காகவே பார்ப்பேன். வாயேஜரின் கணினிகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் நினைவகம் 70 கிலோபைட்டைத் தொடாது. என் கைப்பேசியில் மாமா அனுப்பும் ஒரு காலை வணக்கப் படம் அதைவிடப் பெரியது.

படம் வந்த பிறகு நடந்த கதையும் குறைந்ததல்ல. 2023 நவம்பரில் வாயேஜர் 1 உளற ஆரம்பித்தது. காரணம் கெட்டுப்போன ஒரு சில்லு. அதில் இருந்த நிரலை முழுதாக வைக்க நினைவகத்தில் வேறு எங்கும் இடம் இல்லை. எனவே துண்டு துண்டாக வெட்டி, காலியாக இருந்த மூலைகளில் செருகி, ஒன்றை ஒன்று சரியாகக் கூப்பிடும்படி திருத்தி எழுதினார்கள். 2024 ஏப்ரலில் புரியும்படியான தகவல் மறுபடி வந்தது. இதற்கு ஒரு தனிப் படம் எடுக்க வேண்டும்.

அப்பா மாட்டிக்கொண்டது, வேற்றுலகத்தார் கேட்கட்டும் என்று வாயேஜரில் வைத்து அனுப்பிய தங்க இசைத்தட்டில். 27 இசைத் துண்டுகள், 55 மொழிகளில் வணக்கம். கேசர்பாய் கேர்கரின் பாட்டு இருக்கிறது. தெலுங்கு இருக்கிறது, கன்னடம் இருக்கிறது. "தமிழ்?" என்றார். இல்லை. "1977லே ஒரு தமிழன்கூடவா கிடைக்கல?" என்று இரவுச் சாப்பாடு வரைக்கும் புலம்பினார். பாட்டிக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை. அவருக்கு ஆவணப்படம் என்றால் முதுமலை யானைக்குட்டி ரகுவும், அதை வளர்த்த பொம்மனும் பெள்ளியும்தான். 2023இல் ஆஸ்கர் வாங்கிய படம் என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. சப்டைட்டில் இல்லாமல் புரிகிறது, அது போதும்.

4 டிசம்பர், புதன்

வகுப்பு முடிந்து சிம் லிம் டவருக்குப் போய் தட்டினால் மின்துடிப்பு தரும் நான்கு பியஸோ தட்டுகளும் கொஞ்சம் எல்இடியும் வாங்கினேன். பாலிடெக்னிக்கில் என் திட்டப்பணி ஒரு தாளப்பெட்டி. தட்டுவதைக் கேட்டு, ஆதி தாளத்தின் எட்டு அட்சரத்தையும் விளக்கில் காட்டி, நான் எங்கே அவசரப்படுகிறேன் என்று பிடித்துக்கொடுக்க வேண்டும். அதற்கு மூளையான ஆர்டுயினோ ஊனோ என்ற சின்ன போர்டில் நிரலுக்கு 32 கிலோபைட், ஓடும்போது பயன்படுத்த வெறும் 2 கிலோபைட். திரையில் காட்டும் வாசகங்களே அதில் பாதியைத் தின்றுவிட்டன. அவற்றையெல்லாம் அந்த 32 கிலோபைட் பக்கம் தள்ளியதும் மூச்சு வந்தது. பெரிய போர்டு வாங்கினால் ஐந்து நிமிட வேலை என்கிறான் என் கூட்டாளி. வாயேஜர் பார்த்துவிட்டு வந்தவனிடம் சொல்கிற பேச்சா இது?

8 டிசம்பர், ஞாயிறு

காலையில் மிருதங்க வகுப்பு. குளிரூட்டி ஓடும் அறைக்குள் நுழைந்ததும் சுருதி நகர்ந்துவிடும். வாத்தியார் கல்லாலும் கட்டையாலும் விளிம்பைச் சுற்றித் தட்டிச் சேர்ப்பதற்குள் கால் மணி நேரம் ஓடிவிடும். தொப்பியின், அதாவது இடப்பக்கத் தோலின், நடுவில் தண்ணீரில் பிசைந்த ரவையை அப்புவது என் வேலை. கொஞ்சம் கூடினால் சத்தம் மந்தமாகிவிடும், குறைந்தால் கும்கி என்ற குழைவான அடித்தொனி வராது. விரல்தான் அளவு.

வலந்தலையின், அதாவது வலப்பக்கத் தோலின், கறுப்பு வட்டம் பற்றி இன்று தேடிப் படித்தேன். கல்பொடியும் சோறும் குழைத்து, அடுக்கடுக்காகத் தேய்த்து ஏற்றுவது. சாதாரணத் தோலைத் தட்டினால் அடிப்படைச் சுரத்துக்கு மேலே எழும் ஒலிகள் 1.59 மடங்கு, 2.14 மடங்கு என்று தாறுமாறாக இருக்கும். அதனால்தான் பல மேளங்களில் அடி கேட்கும், சுரம் கேட்காது. நடுவில் கனம் ஏற்றியதும் அந்த ஒலிகள் 2, 3, 4 என்று முழு மடங்குகளுக்கு அருகில் வந்து நிற்கின்றன. கம்பி வாத்தியம் போலச் சுரம் சேர்வது இதனால்தான். சி.வி. ராமன் இதை 1920இலேயே நேச்சர் இதழில் எழுதியிருக்கிறார், நோபலுக்குப் பத்து ஆண்டு முன்பு. அந்தத் தோலைச் செய்தவர்களுக்கு இது கையில் தெரிந்திருந்தது, அவர்கள் பெயர்தான் எந்த இதழிலும் வரவில்லை.

மாலையில் 11வது ஆட்டம். குகேஷ் ஜெயித்து 6–5 என முன்னிலை. பட்டை இல்லாமல்தான் பார்த்தேன்.

10 டிசம்பர், செவ்வாய்

நேற்று டிங் பதிலடி கொடுத்துச் சமமாக்கிவிட்டார். இன்று ஓய்வு நாள். 'ஆல்ஃபாகோ' படம் பார்த்தேன். 2016 மார்ச்சில் சியோலில், கோ என்ற பலகை விளையாட்டில் கொரிய வீரர் லீ செடோலை 4–1 என்று வென்ற கணினி. எல்லாரும் இரண்டாம் ஆட்டத்தின் 37ஆவது நகர்வைப் பேசுவார்கள். எனக்கு நான்காம் ஆட்டம். லீயின் 78ஆவது நகர்வுக்கு அடுத்ததிலேயே கணினி சறுக்கிவிட்டது. ஆனால் 87 வாக்கில்தான் அதற்கே அது உறைத்ததாம். ஆக, அதுவரை கணினியின் பட்டை அதன் பக்கமே சாய்ந்திருக்கும்!

சாந்தி பெரேராவின் ஹாங்ஜோ 200 மீட்டரையும் மறுபடி போட்டேன். 23.03 வினாடி, ஆசிய விளையாட்டில் தடகளத் தங்கம். 1974க்குப் பிறகு சிங்கப்பூருக்கு முதல் முறை. நான் பார்க்கிற எண் வேறு. 2015இல் இங்கே தென்கிழக்காசிய விளையாட்டில் அவர் ஓடியது 23.60. 2023 ஆகஸ்டில் புடாபெஸ்டில் 22.57. எட்டு ஆண்டு உழைத்து எடுத்தது 1.03 வினாடி. அதில் எத்தனை விடியற்காலைகள் போயிருக்கும் என்று எந்தக் கடிகாரமும் காட்டாது.

12 டிசம்பர், வியாழன்

குகேஷ் உலகச் சாம்பியன்!

6.5–6.5 என்று நின்ற போட்டி, கடைசி ஆட்டம். குகேஷிடம் ஒரு சிப்பாய் கூடுதல், ஆனால் சிப்பாய்கள் எல்லாம் பலகையின் ஒரே பக்கம். டிரா என்றே வீட்டில் எல்லாரும் எழுந்து போய்விட்டார்கள். அம்மா சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். 55ஆவது நகர்வு, டிங் யானையை எஃப்2 கட்டத்துக்கு நகர்த்தினார். ஏதோ சரியில்லை என்று தோன்றியது, என்னவென்று தெரியவில்லை. அவருடைய பிஷப் மூலையில் ஏ8இல் மாட்டிக்கொண்டு நிற்கிறது. யானைகளை வெட்டிக்கொண்டால்? பிறகு குகேஷ் பிஷப்பை டி5இல் கொண்டுவந்து எதிரில் வைத்தால்? தப்பிக்க வழியே இல்லை, பிஷப்பும் போகும். மிஞ்சுவது ராஜாவும் சிப்பாய்களும், அதில் கூடுதல் சிப்பாய் போதும். நான் அங்கே போய்ச்சேர்ந்தபோது செயலியிலும் அதே நகர்வு வந்தது. கத்திவிட்டேன். ஒளிபரப்பில் அந்தப் பட்டை ஒரே நொடியில் கவிழ்ந்ததாம், மாமா சொன்னார். எனக்கு அது மெதுவாகவே கவிழ்ந்தது, அதுதான் சுகம்.

பிறகு காணொளியைப் பார்த்தேன். டிங் கைகொடுத்துவிட்டார். குகேஷ் அழுதுகொண்டே காய்களை ஒவ்வொன்றாக அதனதன் கட்டத்தில் அடுக்குகிறார். 2013இல் சென்னையில் ஆனந்த் கார்ல்சனிடம் பட்டத்தை இழந்தபோது அரங்கில் உட்கார்ந்து பார்த்த ஏழு வயதுப் பையன் இவர்.

14 டிசம்பர், சனி

மாமா பலகையோடு வீட்டுக்கு வந்துவிட்டார். டிங் அந்த யானையை அசைக்காமல் இருந்திருந்தால் டிராதான் என்பது அவர் கட்சி. சரி, 54ஆவது நகர்வு வரை அடுக்கி ஆடிப் பார்ப்போம் என்றேன். அவர் டிங், நான் குகேஷ். பாட்டி நடுவர். கூடுதல் சிப்பாயை வைத்துக்கொண்டு முக்கி முக்கிப் பார்த்தும் மாமா அசையவில்லை, டிரா. பக்கம் மாற்றி ஆடலாம் என்றதற்கு, "உனக்கு டிரா பண்ணத் தெரியாதுடா, தோத்துட்டு அழுவே" என்கிறார். தாளப்பெட்டியில் இன்னும் ஒரு எல்இடி எரியவில்லை. அதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், இன்றைக்கு மாமாவை விடுவதாக இல்லை.