வரி வளைந்தது எலக்ட்ரானாலா, காற்றாலா?

காற்றில் லேசரைக் குவித்துப் பொறி (பிளாஸ்மா, அதாவது எலக்ட்ரான்கள் பிரிந்து நிற்கும் சூடான வாயு) எழுப்பி, அதன் எலக்ட்ரான் அடர்த்தியை இன்டர்ஃபெரோமீட்டரில் (இரு ஒளிக்கற்றைகளைச் சேர்த்து, அதில் எழும் இருள்-ஒளி வரிகளின் நகர்வைப் பார்க்கும் கருவி) அளப்பவர்கள் பலரும் கணக்கில் விட்டுவிடுவது, பொறியைச் சுற்றியுள்ள காற்றை.

532 நானோமீட்டர் ஒளியில், பாதை நெடுகச் சதுர செ.மீ.க்கு 4.2×10¹⁷ எலக்ட்ரான் இருந்தால் ஒரு வரி நகரும். கன செ.மீ.க்கு 10¹⁹ அடர்த்தி, 1 மி.மீ. தடிமன் என்றால் சுமார் 2.4 வரி. இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: இரு கற்றைகளும் தனித்தனிப் பாதையில் ('கை') போகும் மாக்-செண்டர் இன்டர்ஃபெரோமீட்டரின் ஒரு கையில் 1 மீட்டர் நீளத்துக்குக் காற்று 1 டிகிரி கூடுதலாகச் சூடானாலே 1.7 வரி ஓடிவிடும். சித்திரை மாதச் சேலத்தில் இது நடக்காத நாள் இல்லை. மின்விசிறியை நிறுத்தி (வியர்க்கும், வேறு வழியில்லை) இரு கைகளையும் அட்டைக் குழாயால் மூடலாம். அதைவிட, ஒரே கற்றையைச் சற்றே விலகும் இரண்டாகப் பிரிக்கும் வொல்லாஸ்டன் பட்டகம் வைத்த நோமார்ஸ்கி அமைப்பு மேல். இரு கற்றைகளும் ஏறக்குறைய ஒரே பாதையில் போவதால் லாரி அதிர்வும் சூடும் பெரிதாகத் தெரியாது. பிளாஸ்மா கற்றையின் பாதிக்குள் அடங்க வேண்டும், இல்லாவிட்டால் பொறியின் இரட்டைப் பிம்பங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும். பட்டகத்தை லென்ஸின் குவியத்துக்கு அருகே நகர்த்தினால் வரி அகலும். வரிக்கு 8 முதல் 10 பிக்சல் போதும்.

உண்மையான வில்லங்கம், பொறியிலிருந்து கிளம்பும் அதிர்ச்சி அலை. ஒரு எலக்ட்ரான் சுமார் 12 காற்று மூலக்கூறுகளுக்குச் சமமாக, ஆனால் எதிர்த்திசையில், வரியை வளைக்கும். வலுத்த அலை காற்றை 6 மடங்கு வரை அமுக்குவதால், பொறியைச் சுற்றிய அந்த அமுங்கிய காற்று ஓடு, கன செ.மீ.க்கு ஏறத்தாழ 10¹⁹ எலக்ட்ரானின் பங்கை அழித்துவிடும். அதைக் கவனிக்காமல் ஏபல் இன்வர்ஷன் (பக்கவாட்டில் எடுத்த படத்திலிருந்து, மையத்திலிருந்து விளிம்புவரையான அடர்த்தியைக் கணக்கிடும் முறை) செய்தால் விளிம்பில் எதிர்மறை அடர்த்தி வரும். மென்பொருளில் அதைப் பூஜ்யமாக்கி மறைப்பது ஏமாற்று வேலை.

பொறி எழுப்பும் லேசர் 1064 நானோமீட்டர் என்றால், ஆய்வுக் கற்றைக்கு 532-ஓடு 355-ஐயும் சேருங்கள். எலக்ட்ரானால் வரும் ஒளிப்பாதை வித்தியாசம் 355-இல் 2.25 மடங்கு குறையும். காற்றின் பங்கு கிட்டத்தட்ட மாறாது. இரண்டு சமன்பாடு, இரண்டு தெரியாத எண் (எலக்ட்ரானின் பங்கு, காற்றின் பங்கு).

ஒவ்வொரு பொறிக்கும் முன்னால், பொறியில்லாத படம் ஒன்று கட்டாயம். காலையில் எடுத்ததை மதியத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். சேலத்துக் கணக்கை ஏற்காட்டுக்கும் கொண்டு போகாதீர்கள்: சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ 13% குறைவு, குளிர் அதில் கொஞ்சத்தை ஈடுகட்டும். அழுத்தமும் வெப்பநிலையும் அங்கேயே அளந்து எழுதுங்கள். பனிமூட்ட நாளில் லென்ஸில் ஈரம் படிந்திருக்கிறதா என்பதை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள்.