பேசச் சொன்னோம், அவன் பேசினான்

தற்கொலைத் தடுப்பைப் பற்றி எங்கள் மாணவர்கள் எடுத்த இசைக் காணொலியில், பாடல் வரிகளை எழுதிய மாணவனையே நடிக்க வேண்டாம் என்று சொன்னவள் நான். காணொலி வெளியாகிப் பாராட்டும் வாங்கியாயிற்று. எல்லோரும் அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள். எனக்குத்தான் அந்த முடிவு இன்னும் செரிக்கவில்லை.

நடுவில் வருகிற மாணவன் பாத்திரத்துக்கு யார் என்ற பேச்சு எழுந்ததும் அவன் கையை உயர்த்தினான். "நான் செய்கிறேன், டீச்சர். எனக்கு நடிக்க வேண்டிய தேவையே இருக்காது" என்றான். மற்றவர்கள் அதைத் தன்னம்பிக்கை என்று எடுத்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு அந்த இரண்டாவது வாக்கியம் வேறு விதமாகக் கேட்டது. கூட்டம் கலைந்ததும் அவனை இருக்கச் சொன்னேன். அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே ஒன்றைத் தெளிவுபடுத்தினேன்: "நீ சொல்வது என்னோடு இருக்கும். ஆனால் உன் உயிருக்கு ஆபத்து என்று எனக்குத் தோன்றினால் ஆலோசகரிடம் சொல்லாமல் இருக்க மாட்டேன்." பிறகு நேராகவே கேட்டேன்: "செத்துப்போய்விடலாம் என்று உனக்குத் தோன்றியதுண்டா?"

இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலரும் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்துக்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடமே அதுதான். தெரிந்திருந்தும் எனக்கு நா உலர்ந்துபோனது. அவன் திடுக்கிடவில்லை. "போன வருடம். இப்போது இல்லை" என்றான்.

அன்றே ஆலோசகரைப் பார்த்தோம். அவனும் கூடவே வந்தான், பெற்றோரிடம் சொல்லச் சம்மதித்தான். அந்தப் பகுதியில் எனக்கு எந்தச் சஞ்சலமும் இல்லை. எத்தனை முறை யோசித்தாலும் அதை அப்படியேதான் செய்வேன். சஞ்சலமெல்லாம் அதற்கு அடுத்ததைப் பற்றித்தான்.

வேடத்தை வேறொருவனுக்குக் கொடுக்கப்போகிறேன் என்று சொன்னபோது அவன் கோபப்படவில்லை. கணக்குச் சரிபார்ப்பவனைப் போல ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். "மறைக்காதே, பேசு என்று பாட்டு எழுதச் சொன்னீர்கள், டீச்சர். எழுதினேன். நானும் பேசினேன். பேசியதால்தான் இப்போது எனக்கு இந்த வேடம் இல்லை."

"பேசியதற்காக இல்லை. உன்னைப் பாதுகாப்பதற்காக."

"எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது."

இதற்கு மேல் அவன் எதுவும் சொல்லவில்லை. நான் நிறையச் சொன்னேன். சொன்னதெல்லாம் உண்மை என்றே இன்றும் நம்புகிறேன். படப்பிடிப்பு என்பது ஒரே தருணத்தைத் திரும்பத் திரும்பச் செய்வது. வெளிச்சம் சரியில்லை என்றால் மறுபடியும், குறுக்கே யாராவது வந்துவிட்டால் மறுபடியும். ஒரு பையன் தப்பித்து வெளியே வந்த இரவுக்குள், கேமரா கோணத்துக்காக அவனைத் திரும்பத் திரும்ப அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அவனுக்குப் பதினெட்டு வயதும் ஆகவில்லை. இணையத்துக்குப் போன முகத்தைத் திரும்பப் பெற முடியாது. பல வருடங்கள் கழித்து, அவன் மறந்துவிட விரும்புகிற ஒரு நாளில், யாரோ அதைத் தேடி எடுத்து அவனிடமே நீட்டக்கூடும்.

உலக சுகாதார நிறுவனம் திரைக்கும் மேடைக்கும் படைப்பவர்களுக்காக 2019-இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. திட்டமிடல் முழுவதும் அது எங்கள் மேசையில் இருந்தது. செயலையோ முறையையோ காட்டாதீர்கள், மீண்டு வருபவர்களைக் காட்டுங்கள், உதவி எங்கே கிடைக்கும் என்பதைச் சொல்லுங்கள் என்கிறது. அதைப் பார்த்துத்தான் மாணவர்களின் முதல் வரைவில் இருந்த இறுதிக் காட்சியை நீக்கினோம். காலியான இருக்கை, மெழுகுவத்திகள், எல்லோரும் அழுகிறார்கள். பிள்ளைகள் அதை மிகுந்த அன்போடு எழுதியிருந்தார்கள். ஆனால் தன்னை யாரும் பொருட்படுத்தவில்லை என்று உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு, இறந்தால்தான் இந்த அன்பு கிடைக்கும் என்று அந்தக் காட்சி சொல்லிவிடலாம். தொடக்கத்தில் வரவிருந்த புள்ளிவிவரத்தையும் நீக்கினோம். உலகில் ஆண்டுதோறும் 7,20,000-க்கும் அதிகமானோர் தற்கொலையால் இறக்கிறார்கள். 15 முதல் 29 வயதுள்ளவர்களின் இறப்புக்கு அது மூன்றாவது பெரிய காரணம். இதெல்லாம் கொள்கை வகுப்பவர்களுக்குத் தெரிய வேண்டியவை. ஏற்கெனவே தளர்ந்திருக்கும் மாணவனுக்கோ, இத்தனை பேர் போகும் வழிதானே என்று தோன்ற இடம் தரும் என்றார் ஆலோசகர். ஒரே அணைப்பில் எல்லாம் சரியாகிவிடும் முடிவையும் விட்டோம். உதவி எண்ணைத் திரையில் போடுவதற்கு முன் ஒரு மாணவி அதை அழைத்துப் பார்த்தாள். எந்த நேரத்தில் எடுக்கிறார்கள், எடுத்ததும் என்ன கேட்கிறார்கள் என்று குறித்துக்கொண்டு வந்து சொன்னாள். அந்த வயதில் எனக்கு அப்படித் தோன்றியிருக்காது.

அதே வழிகாட்டியில் இரண்டு வரிகள் இருக்கின்றன. இந்த அனுபவத்தைக் கடந்து வந்தவர்களைக் கலந்தாலோசியுங்கள் என்கிறது ஒன்று. தயாரிப்பில் பங்கேற்பவர்கள் மனத்தில் இது என்ன செய்யும் என்று யோசியுங்கள் என்கிறது மற்றொன்று. இரண்டும் நியாயமானவை. இரண்டும் ஒரே பையனாக வந்து நிற்கும்போது எதை எடுப்பது என்று அதில் இல்லை. எந்தக் காகிதத்திலும் இருக்க முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

நான் இரண்டாவதை எடுத்தேன். ஆனால் முதலாவதை விட்டேனா? அங்கேதான் சிக்கல். அவன் நடிக்கவில்லை, குழுவில் இருந்தான். வேடம் கிடைத்த மாணவன் ஒத்திகையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தான். இவன் ஓரத்திலிருந்து சொன்னான்: "அப்படி இருந்தால் எல்லோருக்கும் தெரிந்திருக்குமே. அந்த நாட்களில் நான் நிறையச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தேன்." காட்சியை அப்படியே மாற்றினோம். பாத்திரம் நண்பர்களைச் சிரிக்கவைக்கிறான், தனக்குப் பிடித்த பொருட்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துவிடுகிறான், ஒரு தோழி மட்டும் அதைக் கவனித்து "உனக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்கிறாள். அவன் பதில் சொல்லும்வரை அவள் நகர்வதில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டியது அந்த இடத்தைத்தான். அவனுடைய அனுபவம் காணொலியின் உயிராக இருக்கிறது, அவனுடைய முகம் அதில் இல்லை. அவனைக் காப்பாற்றினேன் என்று நான் சொல்லும்போதே, அவனிடமிருந்து எடுத்துக்கொள்ளவும் செய்தேனே என்று ஒரு குரல் குறுக்கிடுகிறது. உடனே இன்னொன்று: அவனே விரும்பித்தானே கொடுத்தான், அந்த ஒத்திகையில் அவன் முகம் எவ்வளவு தெளிவாக இருந்தது!

2010-இல் ஆஸ்திரிய ஆய்வாளர்கள் பத்திரிகைச் செய்திகளை ஆராய்ந்தபோது, தற்கொலை எண்ணம் வந்தும் அதைக் கடந்தவர்களைப் பற்றிய செய்திகளுக்குப் பின் தற்கொலைகள் குறைந்திருந்ததைக் கண்டார்கள். அதற்கு பாபகேனோ விளைவு என்று பெயர். 1791-இல் மேடையேறிய மோட்சார்ட்டின் இசை நாடகத்தில், சாகத் துணியும் பாபகேனோவுக்கு வேறு வழி இருக்கிறது என்று நினைவூட்டுபவர்கள் மூன்று சிறுவர்கள். பெரியவர்கள் யாரும் இல்லை. அதைப் படித்த நாள் முதல் அந்தச் சிறுவர்கள் என்னை விடுவதில்லை. இன்னொன்றும் உண்டு. 2017-இல் அமெரிக்காவில் ஒரு பாடல் உதவி எண்ணையே தலைப்பாகக் கொண்டு வெளியானது. அது அதிகம் பேசப்பட்ட 34 நாட்களில் அந்த எண்ணுக்கு 9,915 அழைப்புகள் கூடுதலாக வந்தன என்றும், தற்கொலைகள் எதிர்பார்த்ததைவிட 245 குறைந்திருந்தன என்றும் 2021-இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. அந்தக் கட்டுரையை என்னிடம் கொண்டுவந்து காட்டியவனும் அவன்தான். "ஒரு பாட்டால் முடியும், டீச்சர்" என்றான். கடந்து வந்தவர் தன் வாயால் சொன்னால் கேட்பவருக்குப் பலம் என்பதை நான் நம்புகிறேன். அதை நம்புகிற நான்தான் அப்படிச் சொல்ல வந்தவனை நிறுத்தினேன்.

ஆலோசகருக்கு இதில் குழப்பமே இல்லை. கேட்பவருக்கு நல்லது என்பதற்காகச் சொல்பவரைச் செலவழிக்க முடியாது, ஒரு வருடம் என்பது மிகக் குறைந்த காலம் என்கிறார். அவர் பேசும்போது எனக்குச் சரியாகவே படுகிறது. தனியே இருக்கும்போது, தன்னைப் பற்றிய முடிவை இன்னொருவர் எடுத்துவிடும் அனுபவம் அவனைப் போன்றவர்களுக்கு ஏற்கெனவே போதுமான அளவு இருந்திருக்குமே என்று தோன்றுகிறது. காட்சி எதுவும் இல்லாமல், முகம் தெரியாமல், அவன் குரலை மட்டுமாவது வைத்திருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன். வகுப்புக்கு வகுப்பு அவன் குரலை அறிந்த பிள்ளைகள் இருக்கும் இடத்தில் அதுவும் மறைவு இல்லை என்பது அடுத்த நொடியே நினைவுக்கு வருகிறது.

இந்த முறை புதிய காணொலிக்கு ஓர் ஏற்பாட்டைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். வேடம் பிரிப்பதற்கு முன்பே குழுவில் உள்ள எல்லோரிடமும் ஆலோசகர் தனித்தனியே பேசுவார். பேசியவன் மட்டும் விலக்கப்பட்டான் என்ற நிலை மறுபடியும் வரக்கூடாது. அவருக்கு இதில் முழுத் திருப்தி இல்லை. வரிசையாக அழைத்துக் கேட்டால் பலரும் "ஒன்றும் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போவார்கள், அவன் சொன்னதுபோலத் தானாக வராது என்கிறார். இருக்கலாம். ஆனாலும் பட்டியலைக் கொடுத்துவிட்டேன். இந்த முறை அவரவர் விரும்பும் வேலையை அவரவரே எழுத வேண்டும் என்று சொல்லியிருந்தேன். அவன் படத்தொகுப்பு என்று எழுதியிருக்கிறான்.