விசிறி சுற்றியது, கணினி எழும்பவில்லை

கடந்த ஐப்பசி மாதத்து மாலை மழைகளோடு தொடங்கிய ஒரு கோளாற்றைக் கண்டுபிடிப்பதற்குள் எனக்கு மூன்று வாரங்களும், இரண்டு வீண் பயணங்களும், வாங்கவே தேவையில்லாத இரண்டு பொருட்களுக்கான பணமும் போயின. கோளாறு இருந்த இடமோ, முதல் நாளே ஒரு கடையில் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று ஒதுக்கிவைக்கப்பட்ட, கணினிக்கு மின் வழங்கும் பவர் சப்ளைப் பெட்டி. மட்டக்களப்பின் கல்லடியிலும் அதைச் சுற்றியுள்ள கடலோர ஊர்களிலும் பழைய மேசைக்கணினியை இன்னும் பாவித்துக்கொண்டிருப்பவர்கள் பலர் இருப்பதால், நான் பட்டதை விபரமாக எழுதுகிறேன்.

என்னுடையது 2015இல் வாங்கிய, நான்காம் தலைமுறை ஐ5 செயலி கொண்ட கணினி. நான்கு ஜீபி ராம் இரண்டும் 500 ஜீபி ஹாட் டிஸ்க் ஒன்றும் அதில் இருந்தன. நான் தயாரித்த வினாத்தாள்கள் போனாலும் மறுபடி தட்டச்சு செய்துகொள்ளலாம். ஆனால், அண்ணாவியாராக இருந்த என் தகப்பனார் பழக்கி மேடையேற்றிய வடமோடிக் கூத்துகளின் ஒலிநாடாக்களையும் வீடியோ நாடாக்களையும் ஈராண்டாக ஒவ்வொன்றாகக் கணினிக்கு மாற்றி வைத்திருந்தேன். அந்தக் கோப்புகளுக்கு வேறு பிரதி எடுத்திருக்கவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

முதலில் வீடியோவை மாற்றும்போது மட்டும் கணினி திடீரென்று அணைந்து தானாகவே மீண்டும் எழும்பியது. சில நாட்களில் காலையில் எழும்புவதற்கே நான்கைந்து தடவை பொத்தானை அழுத்தவேண்டியதாயிற்று; ஒருமுறை எழும்பிச் சூடேறிவிட்டால் மாலை வரை ஓடியது. பிறகு அதுவும் நின்றது. பொத்தானை அழுத்தினால் விசிறி இரண்டு விநாடி சுற்றும், நிற்கும், மறுபடி சுற்றும். திரையில் எதுவும் வராது. குளிர்ந்திருக்கும்போது எழும்பாமல் சூடேறிய பிறகு ஓடுவது பவர் சப்ளையில் உள்ள மின்கொள்ளளவிகள் (கபாசிற்றர்கள்) தளர்ந்துவிட்டதற்குரிய பழகிய அடையாளம் என்பதை அப்போது நான் அறிந்திருந்தால், மீதிக் கதை நடந்திருக்காது.

கணினியை ஓட்டோவில் ஏற்றிப் பாலத்தைக் கடந்து நகரத்தில் உள்ள ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த இளைஞர், பவர் சப்ளையின் 24 முனைச் செருகியைக் கழற்றி, பச்சை வயரையும் கறுப்பு வயரையும் ஒரு கம்பித்துண்டால் இணைத்தார். விசிறி சுற்றியது. "பவர் சப்ளை நல்லாத்தான் இருக்கு சேர், போட் போயித்து" என்று ஒரு நிமிடத்துக்குள் தீர்ப்புச் சொன்னார். எந்த அளவுமானியும் அவர் கைக்கு வரவில்லை. இந்தத் தலைமுறைக்குப் புதிய மதர்போட் (செயலி, ராம் எல்லாம் பொருத்தப்படும் தாய்ப்பலகை) கிடையாது, ஆகவே போட், செயலி, ராம் மூன்றையும் புதிதாகப் போடவேண்டும், ஒரு இலட்சத்துக்கு மேல் வரும் என்றார். இதற்கு முன்னர் தானாக அணைந்து எழும்பியதைச் சொன்னபோது, அது விண்டோஸின் பிழையாகவும் இருக்கலாம், ஹாட் டிஸ்கைப் போமட் பண்ணி, அதாவது எல்லாவற்றையும் அழித்துத் தருகிறோம் என்றார். நான் மறுத்துவிட்டேன், அந்த மூன்று வாரங்களில் நான் எடுத்த ஒரே சரியான முடிவு அதுதான். பார்த்த கூலியாக 1,500 ரூபாய் கொடுத்துவிட்டு வந்தேன்.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் 'கேர்னல் பவர் 41' என்ற வரியைப் பலர் கண்டிருப்பீர்கள். கணினி முறைப்படி அணைக்கப்படாமல் மீண்டும் எழும்பியது என்பதைத் தவிர அந்த வரி எதையும் சொல்வதில்லை. மின்சாரம் தடைப்பட்டாலும், பவர் சப்ளை தளர்ந்தாலும், செயலி அதிகமாகச் சூடேறி அணைந்தாலும் அதே வரிதான் வரும். அதைக் காட்டி எவரும் போமட் பண்ணச் சொன்னால் இணங்கவேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் கோப்புகளை எப்படியாவது வெளியே எடுத்துவிடவேண்டும் என்ற அவசரத்தில் அடுத்த தவறைச் செய்தேன். ஹாட் டிஸ்கைக் கழற்றி மடிக்கணினியில் பொருத்துவதற்கு, 1,800 ரூபாய்க்கு ஒரு யூஎஸ்பி இணைப்பி வாங்கினேன். செருகினேன், டிஸ்க் அசையவே இல்லை. அதுவும் செத்துவிட்டது என்று நினைத்து அன்றிரவு நான் உறங்கவில்லை. உண்மை என்னவென்றால், மடிக்கணினிகளில் உள்ள 2.5 அங்குல டிஸ்குக்கு யூஎஸ்பியிலிருந்து வரும் 5 வோல்ட் போதும்; மேசைக்கணினியின் 3.5 அங்குல டிஸ்கின் மோட்டருக்கு 12 வோல்ட் வேண்டும். சுவரில் செருகும் தனி மின்வழங்கியோடு வரும் இணைப்பியைத்தான் நான் கேட்டு வாங்கியிருக்கவேண்டும். கடைக்காரர் எந்த டிஸ்குக்கு என்று கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

அடுத்து, பாவித்த மதர்போட் கல்முனையில் கிடைக்கும் என்று கேள்விப்பட்டு, சுமார் 40 கிலோமீற்றர் பஸ்ஸில் போனேன். முதல் நாள் என் போட்டின் இலக்கத்தை எழுதிக்கொண்டு போகாததால் வெறுங்கையோடு திரும்பினேன். 'ஐ5 தானே' என்பது போதாது. செயலி அமரும் சொக்கற் எது என்பதுதான் கணக்கு, என்னுடையது 1150. இரண்டாம் நாள் அந்தச் சொக்கற் உள்ள எச்81 போட் ஒன்றை 9,500 ரூபாய்க்கு வாங்கினேன். அப்போது கடை மேசையிலேயே, சொக்கற்றின் உள்ளே இருக்கும் நுண்ணிய முனைகள் தெரியும்படி கைபேசியால் இரண்டு படங்கள் எடுத்துவைத்தேன். ஏன் அப்படித் தோன்றியது என்று தெரியவில்லை. ஆனால் அந்தப் படங்கள் பிறகு எனக்குப் பணமாயின.

வீட்டில் ஒரு பகல் முழுவதும் செலவிட்டு, செயலியின் மேல் இருந்த, சூட்டைக் கடத்தும் பழைய பசையைத் துடைத்துப் புதிதாகப் பூசி, எல்லாவற்றையும் புதிய போட்டில் பொருத்தினேன். பொத்தானை அழுத்தினேன். விசிறி இரண்டு விநாடி சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. போட்டை மாற்றியும் அதே அறிகுறி அச்சொட்டாக வந்தபோதுதான், மாற்றாமல் விட்ட பொருள் எது என்று யோசிக்கும் புத்தி எனக்கு வந்தது.

செங்கலடியில் இருக்கும் என் மருமகன் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர். தொலைபேசியில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மாமா, விசிறி சுத்துறத வெச்சு ஒண்டும் சொல்லேலாது. சுமை ஏத்திப் பார்க்கணும்" என்றார். சனிக்கிழமை ஒரு மல்டிமீற்றரையும், தன் கணினியிலிருந்து கழற்றிய பவர் சப்ளையையும், விரல்நுனி அளவான ஒரு சிறிய ஸ்பீக்கரையும் பையில் போட்டுக்கொண்டு வந்தார்.

பச்சை வயரையும் கறுப்பு வயரையும் இணைப்பது, பெட்டியை எழும்பச் சொல்லும் கட்டளை மாத்திரமே. அப்போது அதன்மேல் சுமை ஏதும் இல்லாததால் தளர்ந்த பவர் சப்ளையும் நல்ல பெயர் வாங்கிவிடும். என்னுடையதும் அப்படித்தான் காட்டியது: மஞ்சள் வயரில் 12.1 வோல்ட், சிவப்பில் 5.05. பிறகு அதை மதர்போட்டில் இணைத்து, பழைய டிஸ்குகளுக்குப் பாவிக்கும் நான்கு முனைச் செருகி ஒன்று சும்மா தொங்கிக்கொண்டிருந்ததால் அதில் மீற்றரின் முனைகளை வைத்து, பொத்தானை அழுத்தச் சொன்னார். மஞ்சளில் வோல்ட் 10.7க்குச் சரிந்து அணைந்தது. மேசைக்கணினிப் பவர் சப்ளைகளுக்கான ஏ.டி.எக்ஸ் விதிப்படி 5 சதவீதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது. அதாவது 12 வோல்ட் வழியில் 11.4க்குக் கீழும் 12.6க்கு மேலும் போகக்கூடாது, 5 வோல்ட் வழியில் 4.75க்கும் 5.25க்கும் இடையில் நிற்கவேண்டும். இந்த இலக்கங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மல்டிமீற்றர் இல்லாத கடையில் கணினியைக் கொடுக்கவேண்டாம்.

பெட்டியின் காற்றுத் துளைகளூடாக டோர்ச் அடித்துப் பார்த்தபோது, உள்ளே இரண்டு மின்கொள்ளளவிகளின் தலை புடைத்து, கபில நிறத்தில் ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. பார்க்கலாம், ஆனால் பெட்டியைத் திறக்கக்கூடாது. நம் வீட்டு 230 வோல்ட் உள்ளே நேர்மின்னாக மாறும்போது 320 வோல்ட்டுக்கு மேல் போகிறது. செருகியைக் கழற்றிய பிறகும் அது பெரிய மின்கொள்ளளவியில் தங்கி நிற்கக்கூடும்.

என்னைக் கோபப்படுத்தியது அந்தப் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த தாள். கேசிங்கோடு இலவசமாக வந்த அந்தப் பவர் சப்ளையின் முகப்பில் 450 வாட் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கீழே சிறிய எழுத்தில் 12 வோல்ட் வழிக்கு 14 அம்பியர் என்று இருந்தது. பெருக்கிப் பார்த்தால் 168 வாட். செயலிக்கும் டிஸ்கின் மோட்டருக்கும் பெரும்பாலும் 12 வோல்ட் வழியிலிருந்துதான் மின் போகிறது. என் செயலிக்கு மட்டும் 84 வாட் என்று அதன் விபரத்தில் உள்ளது. பத்தாண்டுகளாக எவ்வளவு நெருக்கத்தில் அந்தப் பெட்டி ஓடியிருக்கிறது என்பதை அன்றுதான் உணர்ந்தேன். புதிதாக வாங்கும்போது முகப்பு இலக்கத்தை விட்டுவிட்டு அந்தச் சிறிய எழுத்தை வாசியுங்கள்.

செயலியையும் ராமையும், செத்துவிட்டது என்று தீர்ப்புச் சொல்லப்பட்ட என் பழைய போட்டுக்கே மாற்றி, மருமகனின் பவர் சப்ளையை அதில் பொருத்தினோம். விசிறி நிற்காமல் சுற்றியது. திரை அப்போதும் கறுப்பு. ஆனால் அவர் போட்டில் செருகியிருந்த சிறிய ஸ்பீக்கர் விட்டுவிட்டு நீளமாக ஒலித்தது. இரண்டு ராமையும் கழற்றிவிட்டு எழுப்பினார். அதே ஒலி வந்தது. அப்போது அவர் சிரித்த சிரிப்பு எனக்கு மறக்காது. ராம் இல்லை என்று போட் முறையிடுகிறது என்றால், போட்டும் செயலியும் உயிரோடு இருக்கின்றன என்பதே பொருள். ஒலியின் நீளமும் எண்ணிக்கையும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும் என்பதால் உங்கள் போட்டின் கையேட்டைப் பார்த்தே முடிவு செய்யவேண்டும். இக்காலத்துக் கேசிங்குகள் பலவற்றில் இந்த ஸ்பீக்கர் வருவதில்லை. இரண்டொரு நூறு ரூபாய்ப் பொருள் அது; என் இலட்ச ரூபாயைக் காப்பாற்றியது.

ராமில் கோளாறு இருக்கவில்லை. கல்லடி, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக உப்புக்காற்று வீசும் நிலம். ராமின் பொன்னிறப் பற்கள் மங்கிக் கறுத்திருந்தன. பிள்ளைகளின் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரோபைல் அல்ககோல் தொட்ட துணியால் துடைத்து, ஒன்றை மட்டும் முதலில் போட்டுப் பார்த்து, பிறகு மற்றதையும் போட்டோம். திரையில் எழுத்து வந்தது. ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ மென்பொருளை யூஎஸ்பியிலிருந்து இரவு முழுவதும் ஓடவிட்டதில் ஒரு பிழையும் இல்லை. கணினியின் நேரம் பின்வாங்கியிருந்ததால் போட்டில் உள்ள சீஆர்2032 பற்றரியையும் மாற்றினேன்.

ஹாட் டிஸ்கின் நலத்தைக் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் பார்த்தோம். பழுதுபட்ட பகுதிகளைச் சொல்லும் 05, சி5 என்ற இரண்டு வரிகளும் பூச்சியமாக இருந்தன. சி7 மட்டும் ஏறியிருந்தது; அது டிஸ்குக்கும் போட்டுக்கும் இடையிலான தரவுப் போக்குவரத்தில் நேர்ந்த பிழைகளின் எண்ணிக்கை என்பதால் அவை இரண்டையும் இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றினோம், அதன்பின் ஏறவில்லை. கூத்துப் பதிவுகள் அனைத்தும் அப்படியே இருந்தன. வேறு எந்த வேலைக்கும் முன்னர் அவற்றை ஒரு வெளி டிஸ்கில் பிரதியெடுத்தேன்; அது முடியும் வரை நாற்காலியைவிட்டு எழவில்லை.

இன்னொன்றையும் மருமகன் கவனித்தார். கேசிங்கின் இரும்பில் புறங்கை பட்டபோது இலேசாகக் கிறுகிறுத்தது. நான் அதைப் பல ஆண்டுகளாக உணர்ந்தும் பொருட்படுத்தவில்லை. நிலத்தொடுப்பு (எர்த்) இல்லாத துவாரத்தில் செருகினால் பவர் சப்ளையின் வடிகட்டிப் பகுதியிலிருந்து சிறிதளவு மின் கேசிங்குக்கு வருவதால் நேரும் கிறுகிறுப்பு அது. மின்சார வேலை செய்பவரை அழைத்துப் பார்த்தபோது அந்த அறைத் துவாரத்தின் நில வயர் துருப்பிடித்து அறுந்திருந்தது. இடிமழைக் காலத்தில் இதோடுதான் நான் கணினி பாவித்திருக்கிறேன். இப்போது வானம் இருண்டால் சுவரிலிருந்தே செருகியைக் கழற்றுகிறேன். இணைய வயரையும் சேர்த்துத்தான்.

12 வோல்ட் வழியில் 38 அம்பியர் தரும் பவர் சப்ளை ஒன்றை 13,500 ரூபாய்க்கு வாங்கினேன். வீடியோ மாற்றும்போது அளந்து பார்த்தால் 12.0 வோல்ட்டில் அசையாமல் நிற்கிறது.

கல்முனைக் கடைக்காரர் போட்டைத் திருப்பி எடுக்க முதலில் மறுத்தார். சொக்கற் முனைகளை நான் வளைத்திருப்பேன் என்றார். கைபேசியில் வாங்கிய அன்று எடுத்த படங்களைக் காட்டி, உருப்பெருக்கியால் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். பத்து நிமிடம் பார்த்தார். பிறகு, "சரி சேர், ரெண்டாயிரம் கழிச்சுத் தாறன்" என்றார். 7,500 ரூபாயை வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன். பாதியில் அணைந்து இவ்வளவுக்கும் காரணமாயிருந்த அந்த வீடியோ நாடாவை அன்றிரவே மறுபடி மாற்றத் தொடங்கினேன். நான்கு மணித்தியாலம் இடையறாமல் ஓடி, மங்களம் பாடும் இடம் வரை முழுதாகப் பதிந்தது.