நல்லா தூங்குறாரு

ஆஸ்பத்திரியில் வயசானவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, போனில் விசாரிக்கிறவர்களுக்கு நாம் நிம்மதியாகச் சொல்லும் பதில் இது. அப்பாவுக்கு இடுப்பெலும்பு ஆபரேஷன் முடிந்த மறுநாள், புதன்கிழமை, நானும் இதையே பதினோரு பேருக்குச் சொன்னேன். நான் சென்னையில் 17 வருஷமாக ஸ்டாஃப் நர்ஸ். அதில் ஆறு வருஷம் ஐசியூ. அதனால்தான் இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

அப்பாவுக்கு 78 வயசு. அம்பாசமுத்திரம் பக்கம் நெல் விவசாயம். ஞாயிறு விடியலில் மாட்டுத்தொழுவில் பாசி வழுக்கி விழுந்தார். திருநெல்வேலியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், பெயர் வேண்டாம். செவ்வாய்க்கிழமை முதுகில் ஊசி போட்டு ஆபரேஷன். பிரஷர், பல்ஸ், ஆக்ஸிஜன் எல்லாம் நன்றாக இருந்தன.

புதன் முழுக்கத் தூங்கினார். கூப்பிட்டால் கண்ணைத் திறந்து "ம்" என்பார், மூடிக்கொள்வார். மத்தியானம் வாயைத் துடைக்கும்போது பார்த்தேன், காலையில் ஊட்டிய இட்லி கன்னத்துக்குள் அப்படியே ஒதுங்கியிருந்தது. விரலை விட்டு எடுத்துப் போட்டேன். அசதி என்று நினைத்துக்கொண்டேன். வேறு யாருடைய அப்பாவாவது அப்படிக் கிடந்திருந்தால் அந்த நிமிஷமே டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டிருப்பேன்.

ராத்திரி ஒன்றரை மணிக்கு எழுந்து உட்கார்ந்தார். போர்வையை நுள்ளி நுள்ளி எதையோ பொறுக்கினார். யூரின் டியூபைப் பிடித்து இழுத்தபடி, "எட்டி, மடையை எவனோ அடைச்சிருக்கான். தண்ணி அந்தப் பக்கமா போவுது. மம்பட்டிய எடு" என்றார். கூப்பிட்டது என்னை இல்லை, செத்துப்போன எங்கள் அத்தையை. திரைச்சீலை ஓரமாக நாலு பேர் நிற்பதாகச் சொன்னார். கையிலிருந்த ஐவி லைனைப் பிடுங்கியதில் படுக்கையெல்லாம் ரத்தம்.

கீழே மருந்துக்கடைக்கு ஓடி, புது லைன் போடச் சாமான் வாங்கித் திரும்புவதற்குள் வேலை முடிந்திருந்தது. இரண்டு மணிக்கட்டையும் காஸ் துணியால் கட்டில் கம்பியில் கட்டி, தூக்க ஊசியும் போட்டிருந்தார்கள். நைட் டியூட்டிக்கு அந்த வார்டில் இருந்தது இரண்டு சின்னப் பிள்ளைகள். சண்டை போட வாயெடுத்தேன், வரவில்லை. நானும் கட்டியிருக்கிறேன். எத்தனை கை என்று கணக்கில்லை.

காலையில் சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். சித்தப்பா, காத்துக் கருப்பு என்று தலையணைக்கு அடியில் வேப்பிலை வைத்தார். தம்பி, "மறதி நோய் வந்துட்டோ?" என்று கேட்டான். பெரியம்மா மட்டும் வெற்றிலையை மென்றபடி, "ஜன்னி கண்டிருக்குட்டி" என்றாள். அவள் சொன்னதுதான் சரி. பிள்ளைகளுக்குக் காய்ச்சலில் வரும் வலிப்பை இப்போது அப்படிச் சொல்கிறோம். ஆனால் உடம்பு கெட்டு, புத்தி கலங்கிப் பிதற்றுவதற்கும் அந்தச் சொல்தான் இருந்தது. டாக்டர்கள் டெலிரியம் என்பார்கள். அது லத்தீனில் ஏர் கிழிக்கும் உழவுச்சாலிலிருந்து விலகுவது என்ற பொருளில் பிறந்த சொல். ஏர் பிடித்த மனுஷனுக்கு இதைவிடப் பொருத்தமாக ஒரு நோய்க்குப் பெயர் வைக்க முடியாது.

தம்பிக்கு நான் சொன்னது இது. மறதி நோய் மாசக்கணக்கில், வருஷக்கணக்கில் மெல்ல வரும். ஞாயிற்றுக்கிழமை ஆம்புலன்ஸில் போகும்போதுகூட டிரைவரிடம் உரமூட்டை விலை கேட்டவர் அப்பா. மூன்று நாளில் இப்படி ஆனால் அது மூளை தேய்ந்து வந்ததில்லை, உடம்பில் எங்கேயோ ஏதோ கெட்டுப்போய் மூளையைக் கலக்கியிருக்கிறது. எதுவென்று தேடணும். இது காலையில் ஒரு மாதிரி இருக்கும், ராத்திரி வேறு மாதிரி இருக்கும். ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் பார்க்கிற பத்து நிமிஷம் தெளிவாகப் பேசிவிட்டால் நம்மைத்தான் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

அளந்து பார்க்க 4ஏடி என்று ஒரு சின்ன சோதனை இருக்கிறது. இரண்டு நிமிஷம்கூட ஆகாது. விழிப்பு எப்படி, வயசு, பிறந்த தேதி, இடம், வருஷம் தெரிகிறதா, மாசங்களைப் பின்னாலிருந்து சொல்ல முடிகிறதா, இது திடீரென்று வந்ததா. மொத்தம் 12 மார்க், 4 வந்தாலே டெலிரியமாக இருக்கலாம். நம்மூர் பெரியவர்களிடம் இதை அப்படியே கேட்டால் வேலைக்கு ஆகாது. அப்பாவின் ஆதாரில் பிறந்த நாள் ஜனவரி 1. பிறந்த தேதி தெரியாத பலருக்கும் அந்த ஒரே நாள்தான். நல்லாயிருக்கும்போதே வயசு கேட்டால் "எம்பதுன்னு போட்டுக்க" என்பார். அதனால் அந்த இரண்டையும் கணக்கில் எடுக்கவில்லை. இடம் கேட்டேன், "ரைஸ்மில்லு" என்றார். வருஷம் கேட்டதற்குப் பதிலே இல்லை.

மாசத்துக்கு ஜனவரி, பிப்ரவரி வேண்டாமென்று தமிழ் மாசம் கேட்டேன். "எப்பா, பங்குனிக்கு முன்னால என்ன?"

"மாசி."

"அதுக்கு முன்னால?"

"மாசியில பிசானம் அறுப்புல்லா. ஆளு வந்தாச்சா?"

அங்கேயே நின்றுவிட்டார். கவனத்தைப் பிடித்து நிறுத்த முடியாமல் போவதுதான் இந்த நோயின் நடுமுடிச்சு. கூட்டிப் பார்த்தால் 11. இதே சோதனையைப் புதன்கிழமை காலையில் செய்திருந்தாலும் 4-க்கு மேலேதான் வந்திருக்கும். கூச்சல் போட்டு, டியூபைப் பிடுங்குகிற ஆளை வார்டு முழுக்கப் பார்க்கும். சத்தமில்லாமல் சுருண்டு கிடக்கிற ஆளை யாரும் பார்ப்பதில்லை, படுத்தாத பேஷண்ட் என்று பெயர் வேறு. இதிலும் அது ஒரு வகை. அதிகம் தவறவிடப்படுவதும் அதுதான்.

வியாழக்கிழமை டியூட்டியில் இருந்த பெரிய டாக்டர் பொறுமையானவர். நான் நர்ஸ் என்று தெரிந்ததும் முகம் சுளிக்காத அபூர்வ மனுஷன். இரண்டு பேருமாகத் தேடினோம். ரத்தத்தில் சோடியம் 124, இருக்கவேண்டியது 135-க்கு மேல். பிரஷர் மாத்திரையோடு சேர்த்து ஆறு வருஷமாக விழுங்கிய நீர் மாத்திரைதான் முதல் சந்தேகம், அதை ஆஸ்பத்திரியிலும் நிறுத்தாமல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வலிக்குப் போட்ட டிரமடால் ஒரு பக்கம். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வெளிக்கே போகவில்லை, அதை யாரும் கேட்கவில்லை, நான் உட்பட. மூக்குக்கண்ணாடி என் பையில் துண்டுக்குள், பல்செட் எவர்சில்வர் டப்பாவில். ஜன்னல் இல்லாத மூலைக் கட்டில், ராத்திரி பகல் எந்நேரமும் டியூப்லைட். நல்ல புத்தியோடு இருப்பவனையே அங்கே நாலு நாள் படுக்கவைத்தால் கிழமை மறந்துவிடும்.

சோடியத்தை அவசரப்பட்டு ஏற்றக்கூடாது, மூளைக்கே ஆபத்து. அதனால் அளந்து அளந்து ஏற்றினார்கள். நீர் மாத்திரையும் டிரமடாலும் நின்றன. வலியை அப்படியே விட்டாலும் புத்தி கலங்கும் என்பதால் வேளை தவறாமல் பாராசிட்டமால் கொடுத்தார்கள். எனிமா கொடுத்து வயிறு இளகியது. யூரின் டியூபை எடுத்துவிட்டு, தானாகப் போகிறாரா, அடிவயிறு நிரம்பி நிற்கிறதா என்று பார்த்தோம். போனார். கட்டவிழ்த்தோம். தூக்க ஊசி வேண்டாம் என்று சீட்டில் எழுதவைத்தேன். குடியைத் திடீரென்று நிறுத்தி வருகிற பிதற்றலுக்கு அந்த வகை மருந்து சரி, மற்றவர்களுக்குக் கலக்கத்தை நீட்டித்துவிடும். வெற்றிலையைத் தவிர அப்பா எதையும் தொட்டதில்லை. கட்டுக்கு அடங்காமல் தனக்கே கேடு செய்துகொள்கிற நிலை வந்தால் மட்டும் ஹாலோபெரிடால் என்ற அடக்கும் மருந்து அரை மில்லிகிராம் என்று டாக்டர் குறித்துவைத்தார். அது தேவைப்படவில்லை. பார்க்கின்சன் என்ற நடுக்குவாதம் இருக்கிறவர்களுக்கு அதுவும் ஆகாது.

மிச்சமெல்லாம் வீட்டு வைத்தியம் மாதிரிதான். ஜன்னலோரக் கட்டில் கேட்டு மாறினோம். கண்ணாடி, பல்செட் போட்டுவிட்டோம். பிசியோதெரபிஸ்ட் வாக்கரைப் பிடிக்கவைத்து நிறுத்தினார். பகலில் பேச்சு, ராத்திரி பதினொன்றிலிருந்து விளக்கணைப்பு. கூட இருக்க நானும் தம்பியும் மட்டும், மாறி மாறி வேறு முகம் வேண்டாமென்று. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழக டாக்டர்கள் 70 வயசுக்கு மேற்பட்ட 852 பேரை வைத்து இதைப் பார்த்திருக்கிறார்கள், 1999-ல் வெளியானது. இப்படித் தூக்கம், நடை, கண், காது, தண்ணீர் என்று கவனித்த வார்டில் 9.9 சதவீதம் பேருக்கு டெலிரியம் வந்தது, வழக்கமான கவனிப்பில் 15. வந்தபின் பார்ப்பதைவிட வராமல் பார்ப்பதில்தான் பலன். எனக்கு அது பரீட்சைக்குப் படித்த பாடம். புதன்கிழமை ஞாபகம் வரவில்லை.

தம்பி ஊரிலிருந்து வீட்டு தினசரி காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தான். எங்கள் வீட்டில் அதைக் கிழிக்கும் உரிமை அப்பாவுக்கு மட்டும். வெள்ளிக்கிழமை தாளைக் கையில் கொடுத்தால் சுருட்டிக் காதில் வைத்துக்கொண்டார். சனிக்கிழமை நாலு தாளைச் சேர்த்துக் கிழித்தார். அன்று ராத்திரியும் மம்பட்டி தேடினார், ஆனால் குரலில் அந்தப் பதற்றம் இல்லை. அவர் மடை என்றால் நான் மறுக்கவில்லை, "தம்பி பாத்துக்கிடுவான், நீங்க படுங்க" என்றேன். செவ்வாய்க்கிழமை, எட்டாம் நாள், "இது எந்தக் கிழமைத் தாளு? எவன் பாக்கான் இந்த வீட்ல?" என்று திட்டினார். அந்தத் திட்டை வாங்கிக்கொண்டு வராண்டாவுக்குப் போய் அழுதேன்.

பெரும்பாலும் தெளிய இன்னும் இரண்டு வாரம் பிடித்தது. இப்போதும் சாயங்காலமானால் கொஞ்சம் குழம்புகிறார். நான் சென்னைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், திண்ணையில் வாக்கரைச் சாய்த்துவைத்துவிட்டு, "அன்னைக்கு நாலு பேரு வந்து நின்னானுவளே, அவனுவ யாரு?" என்று கேட்டார்.

"யாரும் வரலப்பா. உடம்பு சரியில்லாம அப்படித் தெரிஞ்சிருக்கும்."

"அது சரி. கையைக் கட்டுனது?"

"அது நிஜம்."

கொஞ்ச நேரம் மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், "போயி இன்னைக்குத் தாளு கிழிச்சாச்சான்னு பாரு" என்றார்.