வீட்டுச் சோடா: பாட்டிலுக்குள் நின்ற காற்றுதான் குற்றவாளி

பத்து நாட்களாகச் சப்பென்று இருந்த என் சோடா, நேற்றிரவு முதன்முறையாக மூக்கு வரை சுருக்கென்று ஏறியது. சிலிண்டரிலிருந்து கரியமில வாயுவை, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் வழியாகத் தண்ணீர் பாட்டிலுக்குள் ஏற்றிக் குலுக்குவதுதான் என் முறை. ஒரு லிட்டர் பெட் பாட்டிலில் 750 மில்லி தண்ணீர், ரெகுலேட்டரில் 30 பிஎஸ்ஐ (வெளிக்காற்றைவிட ஏறத்தாழ இரண்டு வளிமண்டலம் கூடுதலான அழுத்தம்) என்ற அளவுகளை எந்த முறையும் மாற்றவில்லை. அழுத்தம் ஏற்றுவதற்கு முன்னும், திறந்து வாயுவை விட்ட பின்னும் பாட்டிலைச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன்.

30 டிகிரித் தண்ணீரில் 2 கிராம் மட்டுமே ஏறியது. குளிர்பெட்டியில் 4 டிகிரிக்கு ஆறவைத்த பிறகு 4 கிராம் ஏறியது; கணக்குப்படி 6 கிராமுக்கு மேல் ஏறியிருக்க வேண்டும். வாஷரை மாற்றினேன், சோப்பு நுரை தடவிக் கசிவு தேடினேன், ரெகுலேட்டரையும் திட்டித் தீர்த்தேன். அழுத்தம் கூடினால் வாயு கூடுதலாகக் கரையும் என்று 1803இல் வில்லியம் ஹென்றி சொன்ன விதி, கரைகிற வாயுவின் பகுதி அழுத்தத்தை, அதாவது கலவையில் அந்த வாயு மட்டும் தரும் அழுத்தத்தை மட்டுமே கணக்கில் கொள்கிறது என்பது பிறகுதான் உறைத்தது. 30 பிஎஸ்ஐயுடன் வெளியழுத்தத்தையும் சேர்த்தால் பாட்டிலுக்குள் ஏறத்தாழ மூன்று வளிமண்டல அழுத்தம் இருக்கும். அதில் ஒரு பங்கு, மூடும்போதே உள்ளே அகப்பட்ட காற்றினுடையது. எவ்வளவு குலுக்கினாலும் அந்தப் பங்கு கரியமில வாயுவுக்குக் கிடைக்காது.

ஆகவே தண்ணீர் கழுத்து வரை ஏறும்படி இடக்கையால் பாட்டிலை நசுக்கிப் பிடித்தபடியே வலக்கையால் மூடியைத் திருக வேண்டும். சொல்வதற்கு எளிது; வியர்த்த பாட்டில் வழுக்கும், மரை கோணலாகப் பிடிக்கும், பிடி தளர்ந்த நொடியில் காற்று மீண்டும் உள்ளே புகுந்துவிடும். பழைய துண்டைச் சுற்றிப் பிடித்து, நான்காவது முயற்சியில் வென்றேன். வாயுவைத் திறந்ததும் நசுங்கிய பாட்டில் 'டப்' என்று நிமிர்ந்தது. ரெகுலேட்டரின் சீறல் அடங்கும் வரை குலுக்கினேன். தராசு 6 கிராம் காட்டியது.

சிலிண்டர் நிரப்பித் தந்த கடைக்காரர் மீட்டரைக் காட்டி, நிறைய இருப்பதாகச் சத்தியம் செய்தார். மீட்டர் காட்டுவது அழுத்தத்தை மட்டுமே; உள்ளே வாயு திரவமாக இருக்கும் வரை முள் அசையாது; 31 டிகிரியைத் தாண்டினால் திரவமே இருக்காது. நிறுத்துத்தான் வாங்க வேண்டும்.

அடுத்து, பழைய பொருள் கடையில் கிடைத்த இரண்டு கோலி பாட்டில்களில் முயலப்போகிறேன். கண்ணாடியை நசுக்க முடியாதே! மூன்று வளிமண்டலம் வரை ஏற்றி உடனே திறந்துவிட்டால் காற்று மூன்றில் ஒன்றாகும். மறுமுறை ஒன்பதில் ஒன்றாகும். கோலி உட்காரும் ரப்பர் வளையம் இன்னும் கிடைத்தபாடில்லை.